பூணூலில் கார் சாவி

ராஜகோபாலன் கார் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு அன்றோடு பதினெட்டு நாள். பீரோ சாவியைப் பூணூலில் முடிகிறவர்கள் மயிலாப்பூரில் இன்னும் இருக்கிறார்கள். அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. இவர் முடிந்துகொண்டது ரிமோட் சாவி. செருப்பு மாட்டக் குனிந்தால் வயிற்று மடிப்பில் பட்டன் அமுங்கி, தெருவில் நிற்கும் கார் கீக்கென்று கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் விஜயலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் பிரேக்கால் வந்த வினை. அடையாறு பாலத்தில் அவள் பிரேக்கை மிதித்தபோது கார் வலப்பக்கமாக இழுத்தது, கூடவே இரும்பை இரும்பு சுரண்டுகிற சத்தம். அதை வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. மனுஷர் கார்ப் பக்கம்கூடப் போகவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நீ பிரேக்லயே காலை வெச்சுண்டு ஓட்டறே. புது பிரேக் பேட் போட்டு எட்டு மாசம்தான் ஆறது. இனிமே நீ ஓட்ட வேண்டாம், விஜி."

ஆயுசு முழுக்க அரசாங்கக் கட்டடங்களுக்குச் சுவர் எழுப்பி ஓய்வு பெற்ற இஞ்சினியர் அவர். நகராத வஸ்துவோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு, நகர்கிற எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. விஜயலக்ஷ்மி ஐம்பத்து நாலு வயதில் லைசென்ஸ் எடுத்தவள். செவ்வாயும் வெள்ளியும் பெசன்ட் நகரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன். அங்கே ஓட்டிக்கொண்டு போகிற அந்த அரை மணி நேரம்தான், காபி எங்கே, பேப்பர் எங்கே என்று யாரும் அவளைக் கேட்காத நேரம். அதைத்தான் அவர் பூணூலில் முடிந்து வைத்திருந்தார்.

பதினெட்டாம் நாள், மந்தைவெளி மெக்கானிக் அக்பர் பாஷாவுக்கு அவளே போன் செய்து, புருஷன் சொன்ன தீர்ப்பையும் சொல்லி, நேரம் வாங்கினாள். ராஜகோபாலன் தேர் நகர்கிற வேகத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். பட்டன் அழுத்திக் கிளப்புகிற வண்டி, சாவி கிட்டே இருந்தால் போதும் என்பதால், முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

அக்பர் பாஷா முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். இடது சக்கரத்து பேட்கள் இரண்டையும் எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"பாருங்க மாமி. வெளிப்பக்கத்து பேட் புதுசு மாதிரி கீது. உள்பக்கம் இரும்புத் தகடே தெரியுது. வலது சக்கரத்துல ரெண்டும் நல்லா கீது. பிரேக்ல காலை வெச்சிக்கினு ஓட்டுனா எல்லாமே தேயும். ஒண்ணே ஒண்ணு மட்டும் எப்டி தேயும்?"

விஜயலக்ஷ்மி புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த ஆயில் கம்பெனி காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

பேட்களைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர், விரல் பருமனான இரண்டு இரும்புப் பின்கள் மேல் வழுக்கி நகர வேண்டும். அந்தப் பின் இறுகிவிட்டால் உள்பக்கத்து பேட் மட்டும் அழுந்தி அழுந்தித் தேயும் என்றார் பாஷா. சுத்தியலால் தட்டித் தட்டித்தான் பின்னை வெளியே எடுக்க முடிந்தது. மேலே பழுப்புப் பிசின். பின்னை மூடியிருந்த ரப்பர் உறை, ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார் ராஜகோபாலன். "போன தடவை பேட் போட்டவன் பண்ணின அசட்டு வேலை."

"போட்டது நான்தான் சார். நான் வெச்சது சிலிகான் கிரீஸ். இது வேற இன்னாவோ." பாஷா பின்னை முகர்ந்தார். பிறகு மாமியிடம் கொடுத்தார்.

அவளும் முகர்ந்தாள். சிக்குப் பிடித்த நல்லெண்ணெய். முப்பது வருஷமாக மிளகாய்ப் பொடியில் குழைத்துப் போட்டவளுக்கு அந்த வாசனை தெரியாதா?

"ஏன்னா, ஆயுத பூஜை அன்னிக்கு ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேளே. அந்தக் கிண்ணத்தைத் தூக்கிண்டு அப்படியே கீழே இறங்கினேள். காருக்குச் சந்தனம் வெக்கறேன்னு சக்கரத்தைக் கழட்டினேள். எண்ணெயை எங்கே விட்டேள்?"

ராஜகோபாலன் மறுபடி காலண்டர் பக்கம் திரும்பினார். "கிறீச் கிறீச்னு சத்தம் வந்துண்டிருந்தது. ரப்பரைத் தூக்கி ரெண்டு சொட்டு விட்டேன். அதிலே என்ன தப்பு? நம்மாத்து ஊஞ்சல் நன்னாத்தானே ஆடறது."

அக்பர் பாஷா வேறொரு காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தைத் தானே கோணலாக்கிவிட்டு, ஆடுகிறவள் காலைக் குறை சொல்லியிருக்கிறார். எண்ணெயும் சூடும் ரப்பரை என்ன செய்யும் என்று அவளிடம் படிக்கிற பதினேழு வயசுப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். விஜயலக்ஷ்மிக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த மூளைக்கா பதினெட்டு நாள் அடங்கிக் கிடந்தோம் என்று தன் மேல்தான் வெறுப்பாக இருந்தது.

பாஷா புதுப் பின், புது ரப்பர், முன் சக்கரம் இரண்டுக்கும் புது பேட் போட்டு முடித்தார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும். சாவி குடு சார்."

"நான் ஓட்டிப் பார்க்கறேன்," என்றாள் விஜயலக்ஷ்மி. "அவிழுங்கோ."

அவர் சட்டையில் மூன்று பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு பட்டறை நடுவில் நின்றார். பதினெட்டு நாள் வியர்வையில் முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெருடிப் பார்த்தார். பாஷா மரியாதையாக ஒரு குறடை நீட்டினார். ராஜகோபாலன் இரண்டடி பின்னால் போனார். கார் நாலு தடவை கீக்கென்று கத்தியது. விஜயலக்ஷ்மி உதவிக்குப் போகவில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

அடையாறு பாலம் வரை போனாள். அவர் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பாலத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நிற்க, அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி கோணாமல், சத்தமில்லாமல் நின்றது.

ராஜகோபாலனின் வலது கால், பிரேக்கே இல்லாத அந்தப் பக்கத்தில், தரை விரிப்பை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"காலை எடுங்கோன்னா," என்றாள் அவள். "பிரேக் தேஞ்சுடும்."