குண்டுவின் புரட்டாசி

நரசிம்மனுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கல்பாக்கம் குடியிருப்பில் கிடையாது. அப்படி ஒன்று இருந்தாலும் அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. வாயலூர் முகத்துவாரத்தில் வலைக்காரர்கள் வீசியெறிந்த, பந்துபோல ஊதும் பேத்தை மீனை வாளியில் கொண்டுவந்த அன்றைக்கே, படிக்கட்டில் நின்று பாடம் நடத்திவிட்டார்: "கடலும் ஆறும் கலக்கிற இடத்து மீன் இது. நல்ல தண்ணியில ரொம்ப நாள் தாங்காது. சமையல் உப்பும் ஆகாது."

மீன்தொட்டிக் கடையில் கடல் உப்பு வாங்கினார், கரைத்தார், கருவி வைத்து அளந்தார். ஞாயிறுதோறும் கால்வாசித் தண்ணீரை மாற்றினார். மீனுக்குக் குண்டு என்று பெயர். நத்தை கிடைத்தால் ஓட்டோடு நொறுக்கும்.

புரட்டாசி பிறந்தது. அவர் மனைவி ஸ்ரீதேவி நத்தை டப்பாவைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். "இந்த மாசம் நம்ம வீட்டுல ஒரு உயிர் போகக்கூடாது."

நரசிம்மன் அசரவில்லை. "கடைத் தீனி போடுவோம். பசிச்சா தன்னால தின்னும்."

தின்னவில்லை. முகத்துவாரத்தில் வளர்ந்த மீனுக்கு அந்த உருண்டை சாப்பாடாகவே தெரியவில்லை. இரண்டாவது சனிக்கிழமை குண்டு வயிறு ஒட்டி மூலையில் கிடந்தது. நரசிம்மன் தண்ணீரை மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் சரியாகவே இருந்தது. அதுதான் அவரைக் கலக்கியது.

எதிர் வீட்டுப் பூங்கொடி சர்க்கரை கேட்டு வந்தாள். அவள் வீட்டில் சர்க்கரை இருந்தது என்பது வேறு விஷயம்.

"இன்னா சார், மீனும் விரதமா? எளச்சுப்போயி கீது!"

"பல்லைப் பாரும்மா. வளந்துகிட்டே இருக்கும். ஓடு கடிச்சாத்தான் தேயும். இப்படியே விட்டா வாயைத் திறக்கவே முடியாது. செத்துடும்."

"இவ்ளோ தெரிஞ்சிகினு எதுக்கு சார் உருண்டை போட்டீங்க?"

நரசிம்மன் கருவியை எடுத்து நாலாவது தரம் தண்ணீரை அளந்தார்.

"தொட்டிய எங்க வூட்ல வைங்க. எங்கூட்டுக்காரரு புரட்டாசியிலயும் நண்டு கேக்குற ஆளு. நத்தை தீந்தா செய்யூர்ல எங்க அண்ணன் கழனி கீது."

ஸ்ரீதேவி யோசித்தாள். "நம்ம வீட்டுல போகலேன்னா சரி."

பூங்கொடி வலையை எடுத்தாள். நரசிம்மனுக்குப் பழைய குரல் திரும்பியது. "வலை வேணாம்! வெளியே தூக்கினா காத்தை முழுங்கி ஊதிக்கும், ஆபத்து!" தண்ணீருக்குள்ளேயே பிளாஸ்டிக் மக்கை முக்கி மீனை ஏந்தி வாளிக்கு மாற்றினார். பாதித் தண்ணீரோடு தொட்டி எதிர் வீட்டுக்குப் போனது. மிச்சத் தண்ணீரும் குண்டுவும் பின்னால் போயின.

விளக்கை அணைத்து மீனை ஒரு மணி நேரம் விட்டுவைத்தார். பிறகு வாசல் டப்பாவிலிருந்து சின்ன நத்தை ஒன்றைப் பூங்கொடி போட்டாள். குண்டு ஒரு கண்ணைச் சுழற்றிப் பார்த்தது. நகரவில்லை. பிறகு மெல்ல வந்தது. ஒரு தரம் கொத்தி விலகியது. மறுபடி வந்தது.

நறுக்.

"என்னங்க, அங்க என்ன பண்றீங்க?" தன் வீட்டு வாசலிலிருந்து ஸ்ரீதேவி.

"தண்ணி அளக்கிறேன்!" என்றார் நரசிம்மன், இரண்டாவது நத்தையைப் பூங்கொடி பக்கம் நகர்த்திக்கொண்டே.