மாவு பூசிய தேனீ

"விட்டுட்டேன் மாப்ள. பத்திருபது நல்லா வெள்ளையா கெளம்பியிருக்கு. கண்ண எடுக்காம பாரு" என்று மாமா போனில் சொல்லி முடிப்பதற்குள் முதல் வெள்ளைத் தேனீ வந்து இறங்கிவிட்டது. மாவு மில்லில் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிற ஆள் மாதிரி, அது பெட்டியின் வாசல் பலகையில் இரண்டு எட்டு வைத்து நின்று முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. காவலுக்கு நின்ற தேனீக்கள் அதை முகர்ந்து பார்த்து, நம்ம ஆள்தான் என்று வழிவிட்டன. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மூன்று சேர்ந்தாற்போல. ஏசி மெக்கானிக்கான அந்த மாப்பிள்ளை காதில் போனோடு தன் மொட்டைமாடியில், பெட்டிக்கு ஒரு முழம் தள்ளிக் குந்தி உட்கார்ந்திருந்தான். வாசல் பலகை கொஞ்சம் கொஞ்சமாகப் பேக்கரி மேஜை ஆகிக்கொண்டிருந்தது.

மாமா மறுபடி கேட்டார், ஏதாவது வருகிறதா என்று.

"ஒண்ணும் வரல மாமா."

பொய் சொல்வதென்று அவன் முடிவெடுக்கவில்லை. வீட்டில் சட்டையைத் தேடிக்கொண்டே வாடிக்கையாளரிடம் "அடுத்த தெருவுலதான் சார் இருக்கேன்" என்று சொல்லிப் பழகிய வாய் அது. தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

கோடை முற்றிவிட்டால் பூ என்று ஒன்று கண்ணில் படாது. அப்போது பலமான பெட்டியின் தேனீக்கள் பலவீனமான பெட்டியைத் தேடிப் போய்ப் புகுந்து, அங்கே சேர்த்துவைத்த தேனை உறிஞ்சிக்கொண்டு வந்து தம் வீட்டில் ஊற்றும். தேனீ வளர்ப்பவர்கள் இதை நாகரிகமாகச் சொல்லப் பார்த்துத் தோற்று, கொள்ளை என்றே சொல்கிறார்கள். கடைசிச் சொட்டு தீரும்வரை ஓயாது. இரண்டு தெரு தள்ளியிருந்த மாமா வீட்டு மாடியில் இதுதான் நடந்தது; மாமாவுக்கே ஒரு வாரம் முன்புதான் தெரிந்தது. தேனீ வளர்ப்போர் வாட்ஸாப் குழுவில் மாமா யோசனை கேட்டார். ஒரு கேள்விக்கு ஆளுக்கு இரண்டு பதில் சொல்லும் குழு அது. வந்த பதில்களில் உருப்படியாக ஒன்று: கொள்ளையடித்துவிட்டு வெளியே வருகிற தேனீக்கள் மேல் மாவைத் தூவு, வெள்ளைத் தேனீ எந்தப் பெட்டிக்குப் போகிறதென்று பார்.

மாமாவுக்குச் சந்தேகம் பக்கத்துத் தெரு டியூஷன் வாத்தியார் மேல். அவரிடம் மூன்று பெட்டி இருந்தது. அதுவே ஒரு குற்றம்தானே. முதலில் நம் வீட்டைப் பார்த்துவிடுவோம், அப்புறம் அந்த ஆள் வீட்டுக்குத் தைரியமாகப் போகலாம் என்று ஒரு முறைக்காகத்தான் மச்சினனை உட்காரச் சொன்னார். இப்போது போனில் நிம்மதியாக மூச்சுவிட்டார். அப்படியானால் வாத்தியார்தான், எனக்கு அப்பவே தெரியும் என்றார்.

மாமா என்பவர் அக்கா வீட்டுக்காரர். இருபது வருடத்துக்கு மேல் பூச்சிமருந்துக் கடையில் மேனேஜர். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, லிட்டருக்கு எத்தனை மில்லி என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வேலையை விட்டு வந்த வருடம் நெஞ்சுவலி வந்தது. மனசுக்கு அமைதியாக ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொல்ல, பூச்சியைக் கொன்றே குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர் மன அமைதிக்காகப் பூச்சி வளர்க்க ஆரம்பித்தார். மாமா வாங்கிய பைக்கையே வாங்கி, மாமா போட்ட மாதிரியே கூலிங் கிளாஸ் போட்டு வளர்ந்தவன் பெட்டியை மட்டும் விட்டுவிடுவானா? மறு மாதமே இவனும் ஒன்று வாங்கினான். பிறந்ததிலிருந்து எதிலும் மாமாவை முந்தாதவன் இதில் முந்தினான். இவன் பெட்டி கொழுத்தது. மாமாவுடையது ஊசலாடியது.

இந்தக் கோடை ஆரம்பத்தில் மாமாவை இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தப் பெட்டி போச்சுன்னா இவரு எந்திரிக்க மாட்டாருடா என்று அக்கா ஐசியூ வாசலில் வைத்துச் சொன்னதால், இவன்தான் போய் மாமாவின் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வைத்தான். பாகை அந்தி சாய்ந்த பிறகுதான் வைக்க வேண்டும். ஒரு சொட்டு வெளியே சிந்தக் கூடாது. சீசன் நேரம், ஊரே வியர்வையில் இவன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு வேலைக்கு நடுவில் உச்சி வெயிலில் ஓடிப்போய், பாதியைப் பெட்டிக்குள்ளும் மீதியைத் தரையிலுமாக ஊற்றிவிட்டு ஓடிவந்தான். வெயிலில் அந்த வாசனை எத்தனை தெரு தாண்டும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு இவன் பெட்டி கனத்துக்கொண்டே போனது. ஊரில் பூவே இல்லாதபோது தேன் எங்கிருந்து வருகிறது என்று எவனும் கேட்டிருப்பான். இவனிடம் பதில் இருந்தது. பழைய பெயிண்ட் வாளிகளில் மாடி முழுக்க டேபிள் ரோஸ் வைத்திருந்தான். அந்தப் பூக்களால்தான் என்று முழுமனதாக நம்பி, 'கோடையிலும் தேன்: ஒரு எளியவனின் அனுபவம்' என்று குழுவில் மூன்று பாகமாக எழுதினான். கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. பெரிய பெரிய ஆட்கள் நாற்று கேட்டார்கள். "என் மச்சினன்" என்று மாமா அதன் அடியில் எழுதி, ஒரு பூங்கொத்தையும் போட்டிருந்தார்.

இப்போது கடைசி வெள்ளைத் தேனீ உள்ளே போய் மறைந்தது. டேபிள் ரோஸில் ஒரு தேனீகூட உட்காரவில்லை. இத்தனை நாளாக உட்கார்ந்ததா என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனான். சொல்லிவிடுவது என்று முடிவு. வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்தான். மாமா, ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பிப்பதா, மாமா, கோவப்படாதீங்க என்று ஆரம்பிப்பதா என்பதில் இரண்டு சிக்னல் போனது. தன் பெட்டியைச் சில மைல் தள்ளி எங்காவது கொண்டுபோய் வைத்துவிட்டால் தேனீக்களுக்கு வழி மறந்துவிடும், இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் ஒரு மணி நேர வேலை. அவ்வளவுதான் விஷயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கதவைத் திறந்த அக்கா அவனை அடுப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"டேய், ரெண்டு மாசத்துல இன்னிக்குத்தான் தட்ட நீட்டி இன்னும் கொஞ்சம் போடுன்னாரு. ஷேவ் பண்ணிட்டு, சட்டய மாட்டிட்டு, பாட்டு வேற பாடறாரு. நீ காலைல போன்ல என்ன சொன்னியோ தெரியல. எதையாவது சொல்லி அந்த மூஞ்சிய மறுபடி தொங்க வச்சிடாத, சொல்லிட்டேன்."

உண்மையிலேயே மாமா ஆளே மாறியிருந்தார். எதிரி ஒருத்தன் கிடைத்துவிட்டால் சில பேருக்கு ரத்தம் ஊறிவிடும் போல. படுக்கையறையில் ஏசி ஓடியது, மச்சினன் கையால் மாட்டிக்கொடுத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், போன வாரம்வரை அவருடைய மருந்துகள் இருந்த ஸ்டூலில், அவருடைய தேனீப் பெட்டி. அதை வலை போட்டு மூடி உள்ளே கொண்டுவந்துவிட்டார். உள்ளே மிச்சமிருந்த தேனீக்கள் இருமல் வந்து அடக்கிக்கொள்கிற மாதிரி அவ்வப்போது ஒரு சத்தம் போட்டன. மாடியில் பழைய இடத்தில் காலிப் பெட்டி ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னார். நாளை விடிந்ததும் அதில் பாகு வைக்கப் போகிறார்.

"பாகுதானே மாமா?"

"பாகுதான் மாப்ள. கொஞ்சம் காரமா." ஜன்னல் மேல் இருந்த சின்ன பாட்டிலைக் கண்ணால் காட்டினார். லேபிள் கிழிந்திருந்தது. "நிறமில்ல, வாசனையில்ல. குடிச்ச எடத்துல சாகாது. வீடு போய்ச் சேந்து, எல்லாருக்கும் பங்கு குடுத்துட்டு, அப்புறமா. ராத்திரிக்குள்ள பெட்டியே காலி."

சொல்லும்போது அவர் குரல், கடையில் விவசாயிகளிடம் பேசுகிற பழைய குரலாக இருந்தது. பொறுமையாக, அன்பாக, விட்டால் அளவு மூடியை இலவசமாகத் தருகிற மாதிரி. வாத்தியார் பாவம் இல்லையா என்று கேட்டுப் பார்த்தான். பாவம் பார்த்தால் பூச்சித் தொழில் செய்ய முடியாது என்றார் மாமா. பிறகு அவன் முழங்காலில் தட்டினார்.

"உன்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். உங்கக்காவுக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா ஆடித் தீர்த்துடுவா."

மாமா, ஒரு சின்ன விஷயம் என்று அவன் ஆரம்பித்தான். என்ன என்பதுபோல மாமா திரும்பினார். முகத்தில் ஷேவிங் வெட்டு ஒன்று, அதில் ஒட்டிய பேப்பர்த் துணுக்கு. ஏசி ஃபில்டரைக் கழுவி ரொம்ப நாளாச்சு, ஒரு நாள் வந்து கழுவித் தர்றேன் என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

விடியுமுன் எழுந்து, தேனீக்கள் எல்லாம் உள்ளே இருக்கும்போதே பெட்டியின் வாசலில் கம்பி வலையை வைத்து நாலு பக்கமும் ஆணியால் அழுத்தினான். ஒரே ஒரு நாள். சாயங்காலம் மாமா பாகை எடுத்துக் கொட்டிவிடுவார், வாத்தியார் மேல் இருந்த கோபமும் ஆறிவிடும். மேலே கோணியை நனைத்துப் போட்டான். பெட்டியை அறைக்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்தான். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிறவன் அறையில் ஏசி கிடையாது. தகரக் கூரை வேறு, வெளியே நிற்பதே மேல். தவிர, தேன் நிறைந்த பெட்டியை ஒற்றை ஆளாக அசைக்கக்கூட முடியவில்லை. தூக்க வேண்டுமென்றால் எப்போதும் மாமாவைத்தான் கூப்பிடுவான்.

வெயில் ஏற ஏறச் சத்தம் ஏறியது. தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து தேனடைகளில் தெளித்து, வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறித்தான் பெட்டியைக் குளிர வைக்கும். கேஸ் இல்லை, காயில் இல்லை, சர்வீஸ் சார்ஜ் இல்லை என்று இதையே அவன் குழுவில் சிலாகித்து எழுதியிருக்கிறான். இன்று தண்ணீருக்குப் போக முடியாது. விசிற வாசலுக்கு வந்தவை வலையில் முகத்தை வைத்து நெருக்க, பின்னால் வந்தவை அவற்றின் மேல் ஏற, வலையின் கண்ணெல்லாம் உடம்புகளால் அடைபட்டுப்போனது. சூட்டை வெளியே தள்ள வழியில்லாத பெட்டிக்கு என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் சொல்லித்தான் அவன் பிழைக்கிறான். கோணியில் தண்ணீர் ஊற்றினான். மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுட்டது. வேலைக்குக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அடுத்த தெருவில் இருப்பதாகச் சொன்னான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது மாமா கூப்பிட்டார்.

"ஒரு ஈ காணோம் மாப்ள." குரலில் கோபம் இல்லை. "நேத்து சாயங்காலம் வரைக்கும் மொய்ச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. இன்னிக்கு ஒண்ணுகூட எட்டிப் பாக்கல."

வெயில் ஜாஸ்தி மாமா என்றான்.

இருக்கும் என்றார். வாத்தியார் வீட்டுக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். மூன்று பெட்டியும் திறந்துதான் இருந்தன. தண்ணீர்த் தொட்டிக்குப் போவதும் வருவதுமாக அதுகள் பாட்டுக்குத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார வைத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். நல்ல மனுஷன், நான்தான் என்னென்னமோ நினைத்துவிட்டேன் என்றார்.

"நான் இந்த விஷயத்த ஒருத்தன்கிட்டதான மாப்ள சொன்னேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆடக்கூடிய அத்தனையும் வலைக்கு அந்தப் பக்கம் இருந்தன. கொள்ளைக்காரத் தேனீக்கள் இன்று மட்டும் வரவில்லையென்றால், இன்று மருந்துப் பாகு வைக்கப்போவது தெரிந்த ஒருவன் வாசலை அடைத்திருக்க வேண்டும். அது மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட மோசமான ஒன்று இப்போதுதான் இவனுக்கு உறைத்தது. மாமா அந்தப் பாகில் மருந்தைக் கலந்தாரா? அல்லது நேற்றே, நேற்று காலையிலேயே வெள்ளைத் தேனீ பறந்த திசையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, வெறும் சர்க்கரைத் தண்ணீரை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாரா? வெறும் தண்ணீர் என்றால், விடிந்ததிலிருந்து தன் தேனீக்களைத் தானே வேகவைத்துக்கொண்டிருக்கிறான். மருந்து என்றால், வலையை எடுத்த மறு நிமிடம் அத்தனையும் தாகத்தோடு நேராக அங்கேதான் போகும். எது என்று கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். இரண்டு சிக்னல் நேரம் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

வாயைத் திறந்தான்.

"நாளைக்கு வரும் மாமா, பாருங்க" என்றது வாய்.

"வரட்டும்" என்றார் மாமா. "நாளைக்கும் வைக்கறேன். நாளான்னிக்கும் வைக்கறேன். எனக்கென்ன வேற வேலை."

ஆனால் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, நெஞ்சுவலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவரின் அளந்த மூச்சு. அவன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு தெருவுக்கு அப்பால், மாமா வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், காதில் போனோடு ஒரு சின்ன உருவம் இந்தப் பக்கம் பார்த்து நின்றது. எத்தனை நேரமாக நிற்கிறதோ. கோணிக்குக் கீழே சத்தம் சுருதி இறங்க ஆரம்பித்திருந்தது, கரண்ட் போன பிறகு சுற்றுகிற விசிறி மாதிரி. பெட்டியின் அடிப்பலகை இடுக்கிலிருந்து, அடை உருகி வழிந்த தேன் கருப்பாக, கெட்டியாக நூல் பிடித்து இறங்கி, தரையில் மெதுவாக ஒரு கோடு போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தது. அவன் அதை மறைத்தாற்போல ஒரு காலை நகர்த்தி வைத்தான். விரல்களுக்கிடையில் அது வெதுவெதுப்பாக ஏறியது.

"இருக்கியா மாப்ள?" என்றார் மாமா.