கச்சான் கோதுக்குள்ள அடக்கின கதை

துரை வெள்ளைக்காரன் எண்டாலும் மனிசன்தானே, கேட்டால் தருவார் எண்டுதான் நினைச்சன். எனக்கு வேண்டியது ஒண்டே ஒண்டு: ஊருக்கு மாற்றம். தலைமன்னாருக்கு அப்பால ஒரு மணல் திட்டில, கப்பலுகளுக்கு விளக்கு ஏத்துற வேலை எனக்கு. என்ர ஊர் கீரியில மனிசி றோசம்மா தனிய. பிள்ளை குட்டியும் இல்லை. அவ அங்க சுவரோட கதைச்சா, நான் இஞ்ச கடற்காகத்தோட கதைச்சன். சேர்ந்து வாழுற குடும்பம் எண்டால் இதுதான்!

துரை விளக்கெண்ணெய் ஏத்திவாற வள்ளத்தில வாறது, கடல் கொந்தளிக்கிற வாடைக்காத்துக் காலத்துக்கு முன்னம் ஒருக்கா, வாடை முடிஞ்சு ஒருக்கா. தில்லைநாதன் கிளாக்கரும் கூட வருவார். துரையின்ர பேச்சு எனக்கும், என்ர பேச்சு துரைக்கும் அவரால்தான் விளங்கும்.

அந்தமுறை நான் ஒழுங்காத்தான் தொடங்கினன். எடுத்த எடுப்பில "மாற்றம் தாங்கோ" எண்டு கேக்கிறது மரியாதையோ? துரையின்ர சுகம் கேட்டன், துரைசானியின்ர சுகம் கேட்டன், காத்தைப் பற்றிச் சொன்னன், எண்ணெய் போதாததைச் சொன்னன். றோசம்மாவின்ர கதைக்கு வாறதுக்குள்ள துரை மணிக்கூட்டை இழுத்துப் பாத்திட்டு, "இன் எ நட்ஷெல், மேன்!" எண்டார்.

நான் முழிச்சன்.

"கதையை ஒரு கோதுக்குள்ள அடக்கட்டாம் அண்ணை. கச்சான் கோது மாதிரி எண்டு வையுங்கோவன். சுருக்கமாச் சொல்லட்டாம்" எண்டார் கிளாக்கர்.

அதுக்குள்ள காத்து மாறுது எண்டு வள்ளக்காரன் கத்தினான். துரை ஏறிட்டார். மாதாவே! கேக்க வந்ததைக் கேக்காமலே நிண்டு கையைக் காட்டினன்.

அந்த வாடை முழுக்க எனக்குக் கச்சான் கோதுதான் யோசினை. அதுக்குள்ள ரெண்டு நிலக்கடலைப் பருப்பு. சரி, எனக்கும் ரெண்டு வசனம் போதும். தெரிஞ்ச நாலு இங்கிலீசுச் சொல்லைக் கோத்து விளக்குக்குச் சொன்னன், கடற்காகத்துக்குச் சொன்னன். அதுகள் ஒண்டும் மணிக்கூடு பாக்கேல்லை.

வாடை முடிஞ்சு வள்ளம் வந்தது. துரை மணலில கால் வைக்கேக்கயே சொல்லிப்போட்டன்: "இன் எ நட்ஷெல், சேர்! வைஃப் அலோன். டிரான்ஸ்பர் பிளீஸ்."

துரை வாய்விட்டுச் சிரிச்சு என்ர முதுகில தட்டினார். கிளாக்கர் சிரிக்கேல்லை. "தாறாராம் அண்ணை. வேற ஆளை விட்டிட்டு, உங்களை இப்பவே வரட்டாம்" எண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார்.

எனக்குத் தலைகால் தெரியேல்லை. ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டினன். கிளாக்கர் பின்னால வந்து நிண்டார். "இந்தமுறை கீரியில காய்ச்சல் கடுமை அண்ணை... மழையும் விடேல்லை... உங்களுக்கு ஆள் அனுப்பப் பாத்தவை, கடல் விடேல்லை..."

"என்ன தம்பி, அனுமார் வால் மாதிரி இழுக்கிறீங்கள்? கோதுக்குள்ள சொல்லுங்கோ!" எண்டு பகிடி விட்டன்.

"றோசம்மா அக்கா மோசம் போயிட்டா, அண்ணை."

நான் பெட்டிக்கு மேல குந்திட்டன். "அப்பிடிச் சொல்லாதேங்கோ தம்பி. முதலில இருந்து சொல்லுங்கோ. காய்ச்சல் எப்பிடித் தொடங்கினது? ஆர் தண்ணி குடுத்தது? கோயில் சுவாமி வந்து செபம் சொன்னவரோ? ஆர் கண்ணை மூடிவிட்டது?"

"எனக்கு அவ்வளவுதான் தெரியும்" எண்டு அவரும் அழுதார்.

கீரிக்கு வந்து வீட்டுக்கு வீடு படலையில நிண்டு கேட்டன். "காய்ச்சல். கனநாள் கிடக்கேல்லை. கர்த்தர் கூப்பிட்டுட்டார்" எண்டுச்சினம். ஒரு மனிசியின்ர சாவு இவ்வளவுதானோ? பக்கத்து வீட்டு அருள்நாயகிதான் என்னை இருத்தி, கஞ்சி வைச்சதில இருந்து குழி மூடினது வரைக்கும் ஒண்டும் விடாமல் சொன்னா. பொழுதும் பட்டிட்டுது.

"கடைசியில என்னைப் பற்றி ஏதும் கேட்டவளோ?" எண்டன்.

"ஓம் அண்ணை. அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டவ. 'அவர் துரையிட்டக் கேட்டுட்டாரோ?' எண்டு."

கேட்டனான், றோசம்மா. ரெண்டே வசனத்தில கேட்டனான். உடன தந்தவங்கள்.