கண்ணில் ஒற்றிய கை

ஒக்டோபர் சனிக்கிழமை மத்தியானம். வெளியே காலம் தப்பிய வெக்கை, அதற்குமேல் மழை. மொன்ட்ரியால்-நோர் அரினாவின் பக்கக் கதவை யாரோ திறந்து போட்டிருந்ததில் ஐஸ் தளத்தின்மேல் வெண்பனிமூட்டமாய்ப் புகார் படுத்துக் கிடந்தது. விளையாடும் பெட்டைகளின் கணுக்கால்கள் தெரியவில்லை. சறுக்குகிறார்களா மிதக்கிறார்களா என்று ஆணையிட்டுச் சொல்ல முடியாது. பார்வையாளர் வரிசையின் மேல்வாங்கில் கோப்பியோடு ஒதுங்கியிருந்த நிரோஜாவுக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது.

பெண்கள் ஐஸ் ஹொக்கி அணி ஒன்றுக்கு ஆள் தேடிக்கொடுப்பது அவளுடைய வேலை. அன்று பார்க்க வந்தது லக்சிகாவை. பதினேழு வயது, கோல் காப்பவள். அணியில் ஒரேயொரு இடம்தான் மிச்சம், அதற்கு இன்னொரு பெண்ணும் போட்டி. ஆட்டம் முடிய அணியின் பொறுப்பாளர் மோனிக் போன் எடுப்பாள். ஒரே கேள்விதான் கேட்பாள்: "யாரைப் போல?" பழைய பெரிய ஆட்டக்காரர் ஒருவரைச் சொல்லவேண்டும். சொல்ல வராவிட்டால் அந்தப் பிள்ளை வேண்டாம். மற்றப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் அகப்பட்டுவிட்டது.

நம் வீடுகளில் பிள்ளை பிறந்த கையோடு தொட்டிலைச் சுற்றி நின்று மூக்கு யாருடையது, முழி யாருடையது என்று அடிபடுவார்களே, அதே விசர்தான் இந்தத் தொழிலிலும். என்னத்தைச் சொல்ல!

லக்சிகாவின் தகப்பன் கிருபானந்தன் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து பக்கத்தில் குந்தினார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர்.

"நீங்கள்தானே தங்கச்சி ஆள் பாக்க வந்தனீங்கள்? ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. முதல் முதல் முகமூடியைப் பிடிவாதமாப் போட்டுக்கொண்டு விளையாடினாரே ஒரு மனுசன், அவரேதான் இவள்!"

"அப்பிடியோ அண்ணை?"

"ஓம். இல்லாட்டி மட்டையிலை நாடியை ஊண்டிக்கொண்டு நிப்பாரே நெட்டையர், அவர். உங்களுக்கு ஆர் வசதியோ அவரைச் சொல்லுங்கோ."

நிரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் பெரியவர்களைப் பொறுக்குகிறார்.

"ஒண்டு மட்டும் தங்கச்சி," என்று குரலைத் தணித்தார். "அந்தக் கையைப் பெரிசா எடுக்காதேங்கோ. தாய் பழக்கினது. எவ்வளவு சொல்லியும் விடுறாளில்லை."

எந்தக் கை என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலான கறுப்பு வட்டு பறந்து வந்தது. லக்சிகா காலை நீட்டித் தடுத்தாள், வட்டைக் கையுறையால் பொத்தினாள், அதே கையை முகமூடியின் கண்ணில் ஒற்றினாள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவோமே, அது. கோல் காப்பவளுக்குக் காலால் தடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. ஒவ்வொரு முறையும் வட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றால் விளங்கினமாதிரித்தான்!

நிரோஜாவும் ஒரு காலத்தில் கோல் காத்தவள்தான். அவளுக்கும் அதே கை இருந்தது. பதினாறு வயதில் அவளுடைய பயிற்சியாளர், கையைக் கீழே போடு, அந்த நெட்டையரைப் போல நில் என்று நாளும்பொழுதும் சொல்லி அதை இறக்கிவிட்டாள். கையோடு ஆட்டமும் இறங்கிப்போயிற்று. வேறு யாரோவாக நின்று நின்று அலுத்துப்போய் ஒருநாள் சறுக்குச் சப்பாத்தைக் கழற்றி வைத்தாள்.

நிரோஜாவின் கண் மறுபடியும் செருகியது. புகார் மெல்ல எழும்பியது. முகமூடிக்காரர் அதற்குள்ளிருந்து வந்து லக்சிகாவின் பின்னால் நின்று அளவு பார்த்தார். பொருந்தவில்லை. கரைந்துபோனார். நெட்டையர் வந்தார், நாடியை ஊன்றிப் பார்த்தார், அவரும் போய்விட்டார். கோல் கம்பங்களோடு கதைக்கிற பழக்கமுள்ள இன்னொருவர் வந்து இடப்பக்கக் கம்பத்திடம் ஏதோ கேட்டார். கம்பம் மாட்டேன் என்றது போலிருந்தது. கடைசியாகப் பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த பெட்டை வந்தாள். கை கண்ணருகே இருந்தது. லக்சிகாவுக்குள் போய் நின்றவள் திரும்பி வரவேயில்லை.

"ஐயோ!" என்று கிருபானந்தன் கத்த, நிரோஜா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். லக்சிகா காலால் தடுத்த வட்டு தெறித்து மறுபடியும் எதிரியின் மட்டைக்கே போயிருந்தது. இவளோ பழக்கதோஷத்தில் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டாள். கிருபானந்தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடுத்த அடி உயரமாக, கோலின் மேல்மூலைக்கு வந்தது. கண்ணருகே இருந்த கை அப்படியே சரிந்து, கொடியில் காயும் துணியை எடுப்பதுபோல் வட்டை எடுத்தது. நிரோஜா பார்த்த மற்றவர்களெல்லாம் கீழிருந்து மேலே எட்டிப் பிடிக்கிறவர்கள். இந்தக் கை முன்கூட்டியே மேலே போய்க் காத்திருந்தது. எவ்வளவு வடிவாக இருந்தது!

ஆட்டம் முடிந்தது. போன் அடித்தது.

"யாரைப் போல?" மோனிக் பிரெஞ்சில் கேட்டாள்.

நெட்டையரைப் போல என்றால் போதும், இடம் லக்சிகாவுக்குத்தான். ஆனால் மறுநாளே அந்தக் கையை இறக்கிவிடுவார்கள். பெயர் சொல்லாவிட்டால் இடமே இல்லை. கிருபானந்தன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் போல," என்றாள்.

"விளையாடாதே. பெரியவர்களில் யாரைப் போல?"

"அவர்களில் ஒருவரைப் போலவும் இல்லை. என்னைப் போல, மோனிக். நீ பயிற்சியாளராக வந்து என் கையை இறக்குவதற்கு முந்தின என்னைப் போல."

கூரையில் மழை கேட்டது. எல்லாம் போச்சு என்று நிரோஜா நினைத்தாள்.

"கை இன்னும் மேலேதான் இருக்கிறதா?" என்றாள் மோனிக் கடைசியில்.

"மேலேதான்."

"அப்படியே கூட்டிவா. இந்த முறை நான் தொடமாட்டேன்."

கிருபானந்தனுக்குப் பொறுக்கவில்லை. "இடம் கிடைச்சிட்டுதோ தங்கச்சி? ஆரின்ரை பேர் சொன்னியள்?"

"கிடைச்சிட்டுது அண்ணை. ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லை."

அவள் எழும்பியபோது கால் அவருடைய காலில் பட்டுவிட்டது. வாய் மன்னிப்புக் கேட்குமுன் கை அவரைத் தொட்டுக் கண்ணுக்கு வந்துவிட்டது. அதை அங்கிருந்து இறக்க அவளுக்கு மனம் வரவில்லை.