பன்னிரண்டு சென்டிமீட்டர் கம்பி

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்புக் கூட்டம். மைக்செட் போட வந்திருந்தவர்கள் சாத்தூர் பாண்டிராஜும், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த அவன் மனைவி அழகுமீனாவும். வேப்பமர நிழலில் ஆம்பிளிபயர், அதன் மேல் வயர்லெஸ் மைக்கின் ரிசீவர். மைதானம் நிறைய வேலைக்கு வரும் பெண்கள்.

பேச எழுந்தவள் முத்துப்பேச்சி. வேறொரு கம்பெனியில் தீப்பிடித்தபோது தானும் தப்பி, கூட இருந்த இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தவள். இடது கை முழுக்கத் தழும்பு. மேடையில் நிற்கக் கூச்சப்பட்டு, மைக்கைப் பிடித்தபடி கூட்டத்துக்குள் நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதுமே குரல் அறுந்தது. "கதவு..." என்ற ஒலிபெருக்கி அப்புறம் கரகரவென்று இரைந்தது.

பாண்டிராஜ் ரிசீவரிடம் ஓடினான். ரிசீவரின் ஏரியல் ஒடிந்துபோனதால், கை நீளத்துக்கு ஒரு செப்புக் கம்பியைச் செருகி வைத்திருந்தவன் அவன்தான்.

"இன்னுங் கொஞ்சம் கம்பி சேத்துக் கட்டட்டா?" என்றான்.

அழகுமீனா ரிசீவரைத் திருப்பிப் பின்பக்கம் அச்சிட்டிருந்ததைப் பார்த்தாள்.

"நீளம் கூடுனா நல்லா இழுக்கும்னு ஆருங்க சொன்னது? இந்த மைக்கு அறுநூறு மெகாஹெர்ட்ஸ். அலையோட நீளம் அரை மீட்டர். அதுல கால் பங்குதான் வேணும். கம்பிக்கு அதுலயும் துளி குறைச்சு... பன்னெண்டு சென்டிமீட்டர்."

"அம்புட்டுத்தானா? வெட்டிட்டு, கேக்கலைன்னா?"

"கேக்கும்."

ஸ்கேலை வைத்து அளந்தாள், வெட்டினாள். துண்டை நேராக்கிச் செருகி, ஆம்பிளிபயரின் இரும்புப் பெட்டிமேல் இருந்த ரிசீவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றி, கம்பியைச் செங்குத்தாக நிறுத்தினாள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அவள் கை கொஞ்சமும் தடுமாறாததைப் பாண்டிராஜ் வியந்து பார்த்தான்.

"அக்கா, இப்பப் பேசுங்க!"

மைதானத்தின் மறுகோடியில் நின்றிருந்தாள் முத்துப்பேச்சி. அவள் மூச்சு வாங்கியதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"தீப் பிடிச்சப்பறம் எந்தப் பக்கம் ஓடன்னு யோசிக்க முடியாது, தாயிகளா. காலைல உள்ள நுழையும்போதே வாசல் எங்கன இருக்குன்னு பாத்து வச்சுக்கிடுங்க. வாசல்ல பெட்டி அடுக்குனா, ஆரா இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்க. பயப்படாதீக."

முதலாளியின் மகள் பிரீத்தி சட்டென்று எழுந்து, பேக்கிங் ஷெட்டின் வாசலைப் பார்க்கப் போனாள். பாண்டிராஜ் ஆம்பிளிபயரின் எந்தக் குமிழையும் தொடாமல் கேட்டுக்கொண்டே நின்றான்.

பேசி முடித்து மைக்கைக் கொடுக்க வந்த முத்துப்பேச்சி, "ஆரு சரி பண்ணுனது?" என்று கேட்டாள்.

"இவதான்" என்றான் பாண்டிராஜ், நெஞ்சு நிமிர.

முத்துப்பேச்சி அழகுமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு உள்ள நின்னு கத்துனேன். ஒருத்தருக்கும் கேக்கல தாயி. இன்னைக்கு அம்புட்டுப் பேருக்கும் கேட்டுருச்சு."