பன்னிரண்டு இருமல்

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களோடது பதினஞ்சு வருஷம் பழைய முகம்."

"என்னோடதா?"

"ஐயோ, சாஃப்ட்வேர சொன்னேன்."

"தெளிவா சொல்லணும் தம்பி. பக்கத்துல உங்க அண்ணன் நிக்கிறாரு, பாதிய கேட்டுட்டு தலையாட்டிடுவாரு."

அண்ணன் ஏற்கெனவே ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். அவர் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் முதலாளி. கூடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாவி போடுகிறவர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் சுவரெல்லாம் பஞ்சுத் தகடு, இரண்டு மைக். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இன்னொன்று. அதில் ஒரு மேஜை, ஒரு திரை, இரண்டு ஸ்பீக்கர், ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் பத்தொன்பது வருஷமாக அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்காரர்கள் வந்த காலத்தில் பாட்டை வெட்டி ஒட்டினாள். இப்போது பேசும் புத்தகங்கள் வருகின்றன, பேச்சை வெட்டி ஒட்டுகிறாள். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அவள் அண்ணிதான்.

கொழுந்தன் வந்து மூன்று மாதம் ஆகிறது. செல்போன் விற்ற வேலையை விட்டுவிட்டு, வீடியோ பார்த்து ஒலிப்பதிவு கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவனுக்கு அப்டேட் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனுக்கு அதில் பெருமை வேறு.

வந்த வாரத்திலேயே அண்ணனிடம் ஒரு பட்டியலை நீட்டினான். இடப்பக்கம் அண்ணி வைத்திருக்கும் மென்பொருள், வலப்பக்கம் அவன் கொண்டுவந்தது. பதினெட்டு வரிசை. பதினேழில் வலப்பக்கம் பச்சை.

"'திரையின் அழகு'ன்னு ஒரு வரிசை போட்டிருக்கீங்க. அதுக்கு எப்படி மார்க் போட்டீங்க?"

"பாத்தாலே தெரியுதே அண்ணி. உங்களோடது முழுக்க சாம்பல். பட்டனெல்லாம் பல்லு மாதிரி வரிசையா நிக்குது. இங்க பாருங்க, குமிழ் எல்லாம் மரத்துல செஞ்ச மாதிரி, நிழலோட."

"மரக் குமிழ மவுஸால எப்படி திருகறது? வட்டமா இழுக்கணுமா, மேல இழுக்கணுமா?"

"மேல இழுக்கணும்."

"அப்புறம் எதுக்கு அத வட்டமா வரைஞ்சிருக்கான்?"

அவன் அடுத்த வரிசைக்குத் தாவினான். "எண்ணூறு வாத்தியம் உள்ளேயே இருக்கு."

"ரொம்ப அவசியம். நமக்கு வர்றது ஒரு ரிட்டயர்டு கண்டக்டர், ஒரு பல் டாக்டர். ரெண்டு பேரும் கதை படிக்கிறாங்க. பல்லு புடுங்கும்போது மேளம் அடிக்கணுமா?"

அண்ணன் சிரித்துவிட்டு, உடனே தம்பி முகத்தைப் பார்த்து சிரிப்பை விழுங்கினார். அப்படி விழுங்கியே பழகிய மனிதர். கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னார்.

பதிப்பகத்து அம்மா ஒரு நாவல் தந்திருக்கிறார். முதல் அத்தியாயம் பிடித்தால் மீதி இருபத்திநாலும் இங்கேதான். அந்த முதல் அத்தியாயத்தை இருவரும் தனித்தனியாக, அவரவர் மென்பொருளில் திருத்த வேண்டும். அந்த அம்மா எது பிடித்திருக்கிறது என்கிறாரோ அந்த மென்பொருள்தான் இனிமேல். அதைச் செய்தவருக்குத்தான் நாற்காலி.

"தோத்தவங்க?" என்றாள் அண்ணி.

"தோக்கறது ஜெயிக்கறது எல்லாம் இல்ல. நீ ஒருவேளை... போன், அப்பாயின்ட்மென்ட் இதெல்லாம் பாத்துக்கலாம். கொஞ்சம் ரெஸ்ட் எடுத்த மாதிரியும் இருக்கும்."

"எனக்கு டயர்டா இருக்குன்னு நான் சொன்னேனா?"

"சொல்லல."

"அப்ப யாரு சொன்னது?"

அண்ணன் பட்டியலைப் பார்த்தார், அதில் எழுதியிருக்குமோ என்பது போல.

சவால் நாள் பதினோரு மணிக்குப் பதிப்பகத்து அம்மா வந்தார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்து, ஒன்றைக் கழற்றி, தரையைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

முதலில் அண்ணியுடையது ஓடியது. கதையில் ஒரு மகள், ஒரு அப்பா. பெண் பார்த்துப் போனவனை மகள் வேண்டாம் என்கிறாள். அவ்வளவுதான் அத்தியாயம். கண்டக்டர் அப்பா, பல் டாக்டர் மகள். ஆளுக்கு ஒரு மைக், மைக்குக்கு ஒரு ட்ராக், இருவர் குரலும் தனித்தனித் தடத்தில். கண்டக்டருக்குத் தொண்டை சரியில்லை. நடு நடுவே பன்னிரண்டு தடவை இருமியிருந்தார், மகள் பேசும்போதும் தான் யோசிக்கும்போதும். அண்ணி பன்னிரண்டையும் இருந்த இடம் தெரியாமல் எடுத்திருந்தாள்.

"நல்லாருக்கு," என்றார் அந்த அம்மா. "ஆனா பின்னால வண்டு மாதிரி ஏதோ ரீங்காரம் கேக்குது."

"ஏசி சத்தம். இந்த சாஃப்ட்வேர்ல அவ்வளவுதான் குறைக்க முடியும்," என்றாள் அண்ணி. பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். நாற்காலியில் உட்கார்ந்து தன்னுடையதைத் திறந்தான். திரை நிறைந்தது. அப்பாவுக்கு நீலம், மகளுக்கு ஆரஞ்சு, மேலே சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைப் பட்டை ஏறி இறங்கியது. குரல் கண்ணாடி போல வந்தது. வண்டு இல்லை, காற்று இல்லை.

"அடேயப்பா!" என்றார் அந்த அம்மா, திரையைப் பார்த்தபடி. "சினிமா மாதிரி இருக்கே."

"சுத்தமா இருக்கு இல்ல?" என்றார் அண்ணன், அவரும் திரையைப் பார்த்தபடி. "ரொம்ப சுத்தம்."

கொழுந்தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். முழு அத்தியாயமும் ஓடி முடிந்தது. மூன்று பேரும் பச்சை அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்கள் காதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்களா?

"ஏங்க, எதப் பாத்து சுத்தம்னு சொன்னீங்க?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

அவள் எட்டி, திரையின் பட்டனை அமுக்கினாள். திரை இருண்டது.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் ஆகாது. சத்தம் திரையிலயா இருக்கு? கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் மறுபடி போடுங்க. ஸ்பேஸ்பார் எங்க இருக்குன்னு பாக்காம தெரியுமில்ல?"

போட்டான். இருட்டுத் திரையின் முன் நான்கு பேரும் இருந்தார்கள். குரல் வந்தது.

*"அப்பா, என்னை நம்புறீங்களா?"*

*"இல்லம்மா. நிம்மதியா இருக்கு."*

*"உங்களுக்கு வருத்தமா?"*

*"தூசி விழுந்துடுச்சு."*

*"அப்ப ஏன் அழறீங்க?"*

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அப்பா எப்போதோ பேசி முடித்துவிட்டிருந்தார்.

பதிப்பகத்து அம்மா முதலில் வாயைப் பொத்தினார். பிறகு முடியாமல் சிரித்துவிட்டார். "ஐயோ, பொண்ணு கேக்கறா நம்புறீங்களான்னு, அந்த மனுஷன் இல்லைன்னுட்டு நிம்மதியா இருக்குங்கறான்!" சிரிப்பு நின்றதும் முகம் கறுத்தது. "இதையா நான் சினிமா மாதிரின்னேன்? இந்த எழுத்தாளர் கேட்டா என்னை உயிரோட விடமாட்டாரு."

"சாஃப்ட்வேர்ல ஏதோ பக்," என்றான் கொழுந்தன். "நேத்து அப்டேட் வந்துச்சு, அதுலதான்..."

"பக்கும் இல்ல, பூச்சியும் இல்ல. மேல சங்கிலி படம் போட்ட ஒரு பட்டன் இருக்கு. அது அமுங்கியிருக்கு. அது அமுங்கியிருந்தா, ஒரு துண்ட வெட்டினதும் பின்னால இருக்கறதெல்லாம் முன்னாடி நகந்து ஓட்டைய மூடிக்கும். அந்த ட்ராக்ல மட்டும். நீங்க அப்பா ட்ராக்ல பன்னிரண்டு இருமல வெட்டியிருக்கீங்க. பன்னிரண்டு தடவ அந்த மனுஷன் முன்னாடி நகந்திருக்காரு. மக இருந்த இடத்துலயே நின்னு கேட்டுட்டிருக்கா."

"உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்? நீங்க இத தொட்டதே இல்லையே?"

"அதோட கையேடு நானூறு பக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒரு வாரமா போன்ல படிச்சேன். ஒண்ண திட்டணும்னா அது என்னன்னு தெரிய வேண்டாமா? நீங்க எத்தன பக்கம் படிச்சீங்க?"

"நான் வீடியோ..."

"எந்திரிங்க தம்பி."

எழுந்தான். அவள் உட்கார்ந்தாள். திரையைப் போட்டாள். ஓரத்தில் ஒரு நீளப் பட்டியலைத் திறந்தாள். அவன் செய்த ஒவ்வொரு வெட்டும் நேரத்தோடு அதில் வரிசையாக இருந்தது. ஃபைலை மூடித் திறந்தும் அழியாமல் இருந்தது. அவளுடைய பழைய சாம்பலில் இது கிடையாது. மூடினால் மூடியதுதான், போனது போனதுதான். பத்தொன்பது வருஷத்தில் அப்படிப் போன வேலைக்காக அவள் எத்தனை முறை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள் என்று அந்தப் பதினெட்டு வரிசையில் எங்கும் இல்லை. இந்தப் பயல் இந்த ஒரு நல்ல விஷயத்தைப் பட்டியலில் சேர்க்கவேயில்லை. மரக் குமிழைச் சேர்த்திருந்தான்.

ஒவ்வொரு வெட்டாகப் பின்னால் போனாள். சங்கிலியை விடுவித்தாள். மறுபடி பன்னிரண்டு இருமலையும் எடுத்தாள். ஏசி சத்தத்தை எடுத்த அவன் வேலையைத் தொடவில்லை. அது நன்றாகவே இருந்தது, அதையும் சொன்னாள். அவன் மகிழ்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

பத்து நிமிஷத்தில் கடைசி இரண்டு நிமிஷத்தைப் போட்டாள்.

*"அப்ப ஏன் அழறீங்க?"*

ஒரு பெருமூச்சு நேரம் வெறும் அமைதி. பிறகு கண்டக்டர் சொன்னார்: *"தூசி விழுந்துடுச்சு."*

பதிப்பகத்து அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீதி இருபத்திநாலும் இங்கதான். இவங்கதான் பண்ணணும்."

அவர் இறங்கிப் போனதும் அண்ணன் மெல்லக் கேட்டார். "அப்ப பழசயே வெச்சுக்கலாமா?"

"எதுக்கு? புதுசுதான் நல்லது. அது இருக்கட்டும்."

"அப்ப தம்பி?"

"தம்பிக்கு போன் பேச நல்லா வரும். மூணு வருஷம் போன்தானே வித்தாரு."

"அண்ணி, அது..."

"நீங்க குழம்பாதீங்க தம்பி, உங்க மேல எனக்குக் கோபமில்ல. பாக்கறத மட்டும் நம்பறவங்க நிறைய பேர பாத்துட்டேன்." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க பத்தொன்பது வருஷமா இந்த ரூம்லதான் நிக்கிறீங்க. பொண்ணு ஒண்ணு கேக்குது, அப்பன் ஒண்ணு சொல்றான். முழுசா ஓடுச்சு. உங்க காதுல விழல."

"நான் திரைய பாத்துட்டு இருந்தேன்."

"தெரியும்."

அவர் இல்லாத ஒயர் எதையோ சரிசெய்ய மேஜைக்கு அடியில் குனிந்தார். வெளியே போன் அடித்தது. யாரும் அசையவில்லை. நான்காவது மணியில் கொழுந்தன் போய் எடுத்தான். "வணக்கம், ஸ்டூடியோ," என்ற அவன் குரல், சொல்லப்போனால், நன்றாகவே இருந்தது.

அண்ணி அமைப்புகளைத் திறந்தாள். மரக் குமிழை எடுத்துவிட்டு வெறும் எண்ணை வைத்தாள். நீலத்தை அணைத்தாள். ஆரஞ்சை அணைத்தாள். ஏறி இறங்கிய பச்சையை ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சுருக்கினாள். முதல் அத்தியாயத்தோடு சேர்த்தே பதிவு செய்து வைத்திருந்த அடுத்ததை ஓட்டினாள்.

"அத்தனை காசு குடுத்து வாங்கி, இப்படி மூளியா ஆக்கறியே," என்றார் அண்ணன், மேஜைக்கு அடியிலிருந்து.

"பேசாதீங்க. ரெண்டாவது அத்தியாயம் ஓடுது."