உள்ளே வெட்டுவதா, வெளியே வெட்டுவதா

என் தம்பி பிரிட்ஜ் விற்கும் கடையில் வேலை பார்க்கிறான். எதை எடுத்தாலும் இரண்டு மாடலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது உசத்தியா அது உசத்தியா என்று பேசுவது அவனுக்குத் தொழில். அன்று காலை எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அவன் அப்படிப் பேசிக்கொண்டிருந்தது என் மகளின் மூக்கைப் பற்றி.

"இங்க பாருக்கா, ரெண்டு வகை இருக்கு" என்று செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "ஒண்ணு, மூக்குத் துவாரத்துக்குள்ளயே வெட்டி, உள்ளுக்குள்ளயே எலும்பைத் தேய்ச்சு எடுக்கிறது. வெளிய ஒரு கீறல் தெரியாது. இன்னொண்ணு, ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல இருக்கிற தோல்ல சின்னதா வெட்டி, மூடி மாதிரி மேல தூக்கி, உள்ள பாத்துப் பாத்து செய்யறது. அதுல தழும்பு விழும். நமக்கு முதல் மாடல்தான் சரி."

"மாடலா?" என்றாள் மகள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய் மெல்லுவாள், நிறுத்துவாள், வாயைத் திறந்து காற்றை இழுப்பாள், பிறகு அடுத்த வாய்.

"மெதுவா தின்னுடி, யாரும் பிடுங்கிட்டுப் போகல" என்றார் என் நாத்தனார்.

இந்த மூக்குப் பேச்சை ஆரம்பித்து வைத்தவரே நாத்தனார்தான். அவர் கொண்டுவந்த சம்பந்தம் அது. பையன் வங்கியில் வேலை. பையனின் அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, பக்கவாட்டுல பாத்தா மட்டும் மூக்கு ஒரு மாதிரி" என்று இழுத்தாராம். அந்த "ஒரு மாதிரி" எங்கள் வீட்டுக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டது.

அந்த மூக்கு என் கணவருடையது. நடுவில் ஒரு மேடு இருக்கும். அவர் முகத்தில் இருந்தவரை எல்லோரும் அதைக் கம்பீரம் என்றார்கள். மகள் முகத்துக்கு வந்ததும் குறை என்கிறார்கள். இதைச் சொல்லிச் சண்டை போட அவர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போய் ஒரு வருடம் முடிந்திருந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஆளாளுக்கு நாட்டாமை. நான் வாயைத் திறந்தால், "அப்பா இல்லாத பொண்ணு, நாமதான் பாத்து செய்யணும்" என்ற ஒரு வரியில் என்னை மூடிவிடுவார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. பாசம்தான். பாசத்தோடு ஒருவர் தொண்டையை அழுத்தினால் எப்படி விலக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது புறப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவளுடையது. அந்தக் குரல் எப்போதும் சளி பிடித்த மாதிரியே இருக்கும். ஓட்டுநர்கள் அவளுக்கு "ஜலதோஷம்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். ஆனால் கொஞ்ச காலமாக நீளமான அறிவிப்பின் நடுவில் அவளுக்கு மூச்சு அறுந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிடுவாள். ஜனங்கள் தவறான வண்டியில் ஏறினார்கள். இப்படியே போனால் மைக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு உன்னைக் கிடங்குக்கு மாற்றிவிடுவேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவள் விரும்பிக் கேட்டு வாங்கிய வேலை அது. அப்பாவிடம் தினம் ஒரு அறிவிப்பு சொல்லிக் காட்டிப் பழகிய வேலை.

இதை அவள் மாமாவிடம் சொல்ல முயன்றாள். "அதெல்லாம் மூக்கு சரியானா தன்னம்பிக்கை வந்துரும், குரலும் தானா வந்துரும்" என்று அவன் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டான்.

டாக்டரைப் பார்க்க நான்கு பேருமாகப் போனோம். அறையில் நாற்காலி இரண்டுதான். ஒன்றில் தம்பி உட்கார்ந்தான், மற்றதில் நாத்தனார். மூக்குக்குச் சொந்தக்காரி சுவரோரம் நின்றாள்.

டாக்டர் அம்மா களைத்த முகத்தோடு இருந்தார். "என்ன பிரச்சனை?" என்று மகளைப் பார்த்துக் கேட்டார்.

"மேடு டாக்டர்" என்றான் தம்பி. "நாங்க எல்லாம் படிச்சுப் பாத்துட்டோம். உள்ள வெட்டுற முறையே போதும். வீக்கம் சீக்கிரம் வத்திரும், தழும்பு கிடையாது. சுத்தியல் வெச்சுத் தட்டாம, அதிர்வுல எலும்பு செதுக்குற மெஷின் இருக்காமே, அது உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. மூச்சு எப்படி வருது?"

"அதெல்லாம் நல்லா விடுறா."

"நான் அவங்களைக் கேட்டேன்."

மகள் டாக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படி ஒரு கேள்வி அவளிடம் அதுவரை வந்ததே இல்லை. அதனால் திகைத்துப் போனாள். டாக்டர் எழுந்து வந்து அவள் மூக்கின் ஒரு பக்கத்தை விரலால் மூடி, "இழுங்க" என்றார். காற்று போகவே இல்லை. மறுபக்கத்தை மூடினார். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு சீறல் கேட்டது, அவ்வளவுதான்.

சிறிய விளக்கை வைத்து உள்ளே பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். "மூக்கை ரெண்டா பிரிக்கிற நடுச்சுவர் நல்லா வளைஞ்சு ஒரு பக்கத்தையே அடைச்சிருக்கு. பலருக்கு இதை உள்ளேர்ந்தே நேராக்கிடலாம். இவங்களுக்கு முனையிலயும் மேலயும் சேர்ந்து வளைஞ்சிருக்கு. திறந்து பாத்துச் செஞ்சாத்தான் சரியா வரும். காதுலேர்ந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து உள்ள முட்டுக் கொடுக்கணும். நீங்க கேக்கிற மாதிரி மேட்டை மட்டும் தேய்ச்சு எடுத்தா, பாக்க அழகா இருக்கும். ஆனா இப்ப வர்ற கொஞ்சக் காத்துக்கும் வழி குறுகிடலாம்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். என் கணவர் போன அன்று மகள் அழுது அழுது மூச்சு முட்டிக் கீழே விழுந்தாள். துக்கம் தாங்கவில்லை பாவம் என்று எல்லோரும் விசிறினார்கள். அழுவதற்குக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை என்பது அந்த அறையில் நிற்கும்போதுதான் புரிந்தது.

"திறந்து செஞ்சா தழும்பு தெரியுமா?" என்று நாத்தனார் கேட்டார்.

"மூக்குக்கு அடியில மெல்லிசா ஒரு கோடு. நாளாக ஆக மங்கிடும். உத்துப் பாத்தா தெரியும்."

"உத்துப் பாக்கத்தானே டாக்டர் வர்றாங்க!" நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "கோடு கீடெல்லாம் வேணாம்மா. பொண்ணுக்கு என்னமோ வியாதின்னு கதை கட்டிருவாங்க. மேட்டை மட்டும் எடுக்கட்டும். மூச்சை வாயாலயும் விட்டுக்கலாம். அழகு போனா வேற எது வழியா வரும்?"

டாக்டர் கையிலிருந்த விளக்கை மேசையில் வைத்தார். தம்பி செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். ஒரு வருடமாக விழுங்கியதெல்லாம் சேர்ந்து என் வாய்க்கு வந்தது.

"அண்ணி, எழுந்திருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"அவ உட்காரட்டும்."

நாத்தனார் எழுந்தார். மகள் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள். "டாக்டர், மேடு இருக்கட்டும். அது எங்கப்பாவுது. எனக்கு மூச்சு வேணும். திறந்தே செய்ங்க."

தம்பி தலையைச் சொறிந்தான். வெளியே வந்ததும், "மூணு வாரமா உக்காந்து ரெண்டு முறையையும் அலசினேன்கா. அவளுக்கு என்ன செய்யுதுன்னு கேக்கவே தோணல பாரு" என்றான். அவன் குரலில் அவ்வளவு வெட்கத்தை நான் கேட்டதில்லை. நாத்தனார் மட்டும் தனி ஆட்டோ பிடித்துப் போனார்.

விஷயம் எப்படியோ பையன் வீட்டுக்கு எட்டியது. யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டுப் பிரித்து, வீக்கமும் வற்றி, மகள் மறுபடி மைக் முன்னால் உட்காரப் போவதற்கு முதல் நாள் நாத்தனார் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகத்தைச் சுளித்தார். மகளின் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"அடிப்பாவி, அப்படியேதானடி இருக்கு! கூட ஒரு கோடு வேற. இதுக்கா கத்தி வெச்சுக்கிட்ட? நல்ல இடத்தைக் கெடுத்துட்டு உக்காந்திருக்கீங்க ஆத்தாளும் மகளும்."

மகள் கோபப்படவில்லை. அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாக்குறவங்களுக்கு அப்படியேதான் அத்தை இருக்கும். உள்ள இருக்கிறவளுக்குத்தான் மாறியிருக்கு. என் மூக்கு நீளமா, கோணலா, எப்படி வெட்டணும், எங்க வெட்டணும்னு எல்லாரும் பேசினீங்க. எனக்கு மூச்சு வருதான்னு வீட்ல ஒருத்தர்கூட கேக்கல. ஒரு பொண்ணு முகத்துல குறை தேடுறதுக்கு முன்னாடி, அவளுக்கு என்ன கஷ்டம்னு அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும் அத்தை. பாதி ஆபரேஷன் தேவைப்படாது. தேவைப்படுற ஆபரேஷன் தள்ளியும் போகாது."

நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்தார். என் கணவருடன் பிறந்தவர். அவர் மூக்கிலும் அந்த மேடு உண்டு. புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, யாருக்கோ சொல்வது போலத் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப... மூச்சு வருதாடி?"

"வருது அத்தை" என்றாள் மகள்.